மைக் அக்கா வாயை மூடின மாசம்

மைக் அக்கா எதையும் ரெண்டு தடவை சொல்லும். வீட்டுல உப்பு தீந்துபோச்சுன்னாக்கூட ரெண்டு தடவை. அது அக்கா தப்பு இல்ல, பொழப்பு அப்படி. பஸ் ஸ்டாண்டுல பழக்கடைக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவுல ஒரு கண்ணாடி ரூம் இருக்கு. உள்ள ஒரு மேஜை, ஒரு மைக், உக்கார்ற எடத்துல தலைகாணி வெச்சுக் கட்டின ஒரு நாற்காலி. இருபது வருஷத்துக்கு மேல அந்த நாற்காலியில உக்காந்து, எந்த வண்டி எங்க நிக்குது, எப்போ கெளம்புதுன்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. மொதல் தடவை சொன்னா ஜனம் தலையைத் தூக்கிப் பாக்கும். ரெண்டாவது தடவைதான் காதுல வாங்கும். இது அக்கா கண்ணாடி வழியாப் பாத்துக் கத்துக்கிட்டது.

வேலைக்குச் சேந்த புதுசுலதான் கல்யாணமும் ஆச்சு. சம்மதமாம்மான்னு பெரியவங்க கேட்டதுக்கு, சம்மதம், சம்மதம்னு சொல்லிச்சாம். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். "மொத சம்மதத்தோட நிறுத்தியிருந்தா யோசிக்கவாவது டைம் இருந்திருக்கும்"னு கடைக்கு வர்றவங்ககிட்ட இன்னமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார். அக்கா காதுல விழாத தூரத்துலதான் சொல்வார். அவர் பேசறதுல முக்காவாசி அந்தத் தூரத்துலதான்.

குரல்னா தேன், பால்னு சொல்ற ரகம் இல்ல. வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாம வெச்ச துணி மாதிரி குரல். வண்டி ரத்துன்னு அந்தக் குரல் சொன்னா ஜனத்துக்குக் கோவமே வராது. வீட்டுக்குப் போயி உக்காந்து யோசிச்சாத்தான் வரும்.

இந்தக் குரல் பிரார்த்தனைக்குப் போன கதையையும் சொல்லிடணும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு டயர்க்கடை. அந்த டயர்க்கடைக்காரரோட சம்சாரம் ஒரு சமயம் பொழைக்குமா பொழைக்காதான்னு கெடந்துச்சு. தெருவுல இருக்குறவங்க எல்லாம் சேந்து பிரார்த்தனை பண்ணலாம்னு கடை மாடியில, பழைய டயர் அடுக்கி வெச்ச ஹாலுல கூடுனாங்க. கூடுனதோட சரி. யாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறாங்க. ஒருத்தர் தொண்டையைக் கனைச்சார், ஆரம்பிக்கப் போறார்னு பாத்தா சும்மா கனைச்சிருக்கார். அக்கா அப்போதான் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்திருந்துச்சு. அதுக்குச் சத்தம் இல்லாம இருந்தா ஆகாது, மைக் கெட்டுப்போச்சுன்னு கை பட்டனைத் தேடும். சட்டுனு எந்திரிச்சு நின்னு, "ஆண்டவனின் கனிவான கவனத்துக்கு"ன்னு ஆரம்பிச்சுடுச்சு. இந்தத் தெருவுல, இந்தக் கடை மாடியில, இன்னாரோட சம்சாரம் இன்ன ஆஸ்பத்திரியில இன்ன கட்டில்ல இருக்குன்னு வெவரமா சொல்லி, அதை ரெண்டாவது தடவையும் சொல்லி, "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், நன்றி"ன்னு முடிச்சுச்சு. எல்லாரும் "அப்படியே ஆகட்டும்"னு சொன்னாங்க. அந்த அம்மா பொழைச்சு எந்திரிச்சு வந்து, இன்னிக்கு வரைக்கும் டயர்க்கடைக்காரரைத் திட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கு.

அதுல இருந்து வியாழக்கிழமை சாயங்காலம்னா மாடியில கூட்டம். நடைமுறை ரொம்பச் சுலபம். படியேறி வர்றப்ப வாசல்ல நிக்குற அக்கா காதுல உங்களுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லிடணும். அப்புறம் போயி பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்துக்கணும். மத்ததை அக்கா பாத்துக்கும். எத்தனை பேர் சொன்னாலும் ஒண்ணுகூட மறக்காது. நீங்க பண்ண வேண்டியது நடுநடுவுல "அப்படியே ஆகட்டும்" சொல்றது மட்டும். கடைசியில டீ, பிஸ்கட்டு. பஸ்ஸுல ஏறி டிக்கெட் வாங்கிட்டுத் தூங்குற மாதிரிதான். டயர்க்கடைக்காரர் நெசமாவே தூங்குவார். "நான் உள்ளுக்குள்ள போயிட்டேன்"ம்பார். உள்ளுக்குள்ள இருந்து கொறட்டை வரும்.

அக்காவோட நாத்தனா ஒண்ணு இருக்கு, ஜெராக்ஸ்காரரோட தங்கச்சி. அண்ணன் கடை இருக்குற தெருவுலயே தையல் கடை. அதுக்கும் அக்காவுக்கும் நல்ல பொருத்தம், அதாவது ரெண்டு பேருக்கும் வாய் ஓயாது. ஒரு நாள் டீ டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு நாத்தனா கேட்டுச்சு.

"ஏன் அண்ணி, நீ சொல்றியே, நெசமாவே மனசுல கும்பிட்டுக்கிட்டேதான் சொல்றியா?"

"வண்டி வருதுன்னு சொல்றது என் வேலை"ன்னுச்சு அக்கா. "வர்றது வண்டியோட வேலை. சொல்றது என் வேலை, வர்றது வண்டியோட வேலை."

"ஒரு தடவை சொன்னாப் போதும் அண்ணி, நான் என்ன பாசஞ்சரா?"

ஆனா அந்தப் பதில் பொய் இல்ல. அக்கா மனசுல ஒண்ணும் இருக்காது. அடுத்தது யாரோடது, அதுக்கடுத்தது யாரோடதுன்னு வரிசை மட்டும்தான் ஓடும். இதை நெனச்சு அக்கா ஒரு நாளும் கவலைப்பட்டதில்ல. வேலை சுத்தமா நடக்குதா, அவ்வளவுதான்.

அப்புறம் ஜாக்கெட் சண்டை வந்துச்சு.

நாத்தனா அக்காவுக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுக் குடுத்துச்சு. அக்கா அதைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துச்சு. அப்புறம் தையல் கடை வாசல்ல போயி நின்னு, "ஒரு கை மேல இருக்கு, ஒரு கை கீழ இருக்கு"ன்னு சொல்லிச்சு. சாதாரணமாத்தான் சொல்லிச்சு. ஆனா அக்காவோட சாதாரணம் தெருமுனை வரைக்கும் கேக்கும். ரெண்டாவது தடவை சொன்னப்ப தெருமுனையையும் தாண்டிடுச்சு. கடையில துணி குடுக்க வந்திருந்த ரெண்டு பேர் துணியைத் திரும்பப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. நாத்தனா கையில இருந்த கத்திரிக்கோலைக் கீழ போட்டுட்டு வெளிய வந்து கத்துச்சு:

"உன் வாய் அடைச்சுப் போக!"

தெருவே கேட்டுச்சு. ஜெராக்ஸ்காரர் மட்டும் கேக்காத மாதிரி மிஷினைத் தொறந்து உள்ள எதையோ பாத்துக்கிட்டிருந்தார்.

ஆறு மாசம் ஆகல, அக்கா குரல் ஒடைய ஆரம்பிச்சுடுச்சு. மொதல்ல நடுவுல நடுவுல காத்துதான் வந்துச்சு. வண்டி பேரு வரும், கெளம்புற எடம் வராது. ஜனம் கண்ணாடியைத் தட்டி "எங்க நிக்குது, எங்க நிக்குது"ன்னு கேட்டுச்சு. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு நீளமான கம்பியை உள்ள விட்டுப் பாத்துட்டு, குரல் வர்ற எடத்துல கட்டி வந்திருக்கு, பெரிய வியாதி இல்ல, ஆனா வெட்டி எடுத்தாகணும்னார். எடுத்ததுக்கு அப்புறம் ஒரு மாசம் வாயைத் தொறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது, அது இன்னும் மோசம்.

"மாசம் முடிஞ்சா பழைய குரல் வந்துடுமா டாக்டர்?"னு ஜெராக்ஸ்காரர் கேட்டார்.

"வரலாம், வராமலும் போகலாம். பாப்போம்"னார் டாக்டர்.

பஸ் ஸ்டாண்டு மேனேஜர் நல்ல மனுஷன். ஒரு மாசம் லீவு குடுத்தார். அது வரைக்கும் கம்ப்யூட்டர் பொம்பளை ஒண்ணைப் பேச விடுறேன்னார். "குரல் வந்துட்டா உங்க நாற்காலி உங்களுக்குத்தான். வரலேன்னாலும் கவலைப்படாதீங்க, பக்கத்துலயே கட்டணக் கழிப்பறை டிக்கெட் கவுண்டர்ல உக்கார வெச்சுடுறேன். அங்க யாருகிட்டயும் பேச வேண்டியதே இல்ல. சில்லறை மட்டும் சரியாக் குடுத்தாப் போதும்." ஆறுதலாத்தான் சொன்னார். அக்கா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

தெருவுல பேச்சு வேற மாதிரி போச்சு. ஜாக்கெட் சண்டையை யாரும் மறக்கல. தையல்காரி நாக்குல ஏதோ இருக்குன்னு ஆயிடுச்சு. துணி குடுக்க வர்றவங்க பேரம் பேசறதையே விட்டாங்க. "அடுத்த வாரம் வா"ன்னா சரிம்மா, "அதுக்கடுத்த வாரம்"னா அதுவும் சரிம்மா. கழுத்து இறுக்கமா இருந்தாலும் மூச்சை அடக்கிக்கிட்டு "நல்லாருக்கும்மா"ன்னு வாங்கிட்டுப் போனாங்க. நாத்தனாவுக்கு யாவாரம் அப்படி ஒரு யாவாரம். ஆனா மூஞ்சிதான் செத்துப்போச்சு. ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, வெராண்டாவுல அண்ணனுக்குப் பக்கத்துல உக்காந்து, போறவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. ஜெராக்ஸ்காரருக்கு அது பெரிய பயமாப் போச்சு. வீட்டுல ரெண்டு பொம்பளைங்களும் ஒரே நேரத்துல ஊமையான மாதிரி.

வீட்டுக்கு வந்த மொதல் ரெண்டு நாள் அவருக்குச் சொர்க்கம். நியூஸை முழுசா கேட்டார். மூணாவது நாள் நகவெட்டியைக் காணோம். அது எங்க இருக்குன்னு அக்கா கைய ஆட்டிக் காட்டுது, அவர் மாடிக்குப் போறார், அக்கா தலையில அடிச்சுக்குது, அவர் தெருவுக்குப் போறார். கடையில இருந்து ஒரு பக்கம் வீணாப்போன பேப்பரா எடுத்துட்டு வந்து குடுத்தார். யாரோட வீட்டுப் பத்திரம், யாரோட கல்யாணச் சான்று, எல்லாத்துக்கும் பின்னாடி அக்கா "ரெண்டாவது இழுப்பறை"ன்னு எழுதுச்சு. அதுக்குக் கீழயே இன்னொரு தடவை "ரெண்டாவது இழுப்பறை". கொஞ்ச நாள்ல அவர் கடையை சீக்கிரமே சாத்திட்டு வர ஆரம்பிச்சார். "வீடு கரண்ட் போன மாதிரி இருக்கு. ஏதாவது பாத்திரத்தையாவது உருட்டேன்"னார்.

அக்கா உருட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேக்கும். கம்ப்யூட்டர் பொம்பளை பேசுறதும் கேக்கும். அது ஒரே ஒரு தடவைதான் சொல்லும். அதுவும் வண்டி போன பொறவு சொல்லும். அக்கா கரண்டியால அடுப்பு மேடையில ஒரு தட்டு தட்டும்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா தனியா நின்னு பிரார்த்தனை பண்ணிப் பாத்துச்சு. எத்தனையோ பேருக்குச் சொன்னோமே, நமக்கு ஒரு தடவை சொல்லிப் பாப்போம்னு நெனச்சது. வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள "ஆண்டவனின் கனிவான கவனத்துக்கு"ன்னு ஆரம்பிச்சுச்சு. மைக்கை ஆன் பண்ணாம பேசுற மாதிரி இருந்துச்சு. சொன்னது எல்லாம் தொண்டையைத் தாண்டி எங்கயும் போகல. சரி, இருக்கட்டும்னு வேண்டுதல்ல கழிப்பறை கவுண்டர் விஷயம் வரைக்கும் வந்துச்சு. அங்க நிறுத்தி, பழக்கத்துல கொஞ்சம் காத்திருந்துச்சு. யாரும் "அப்படியே ஆகட்டும்" சொல்லல. குழாய் மட்டும் சொட்டுச்சு. மிச்சத்தைச் சொல்லாம அடுப்பை அணைச்சுட்டுப் போயி படுத்துக்கிச்சு.

இங்க இப்படின்னா மாடியில நெலமை இன்னும் மோசம். அக்கா வராத வியாழக்கிழமைங்கள்ல ஜனம் வந்துச்சு, உக்காந்துச்சு, டீ குடிச்சுச்சு, போயிடுச்சு. நடுவுல ஒண்ணும் நடக்கல. முட்டிவலி பெரியம்மான்னு ஒண்ணு, நிரந்தர வாடிக்கை, அதுதான் மொதல்ல சத்தம் போட்டுச்சு: "டீ குடிக்கவா நான் இத்தனை படி ஏறி வர்றேன்?"

டயர்க்கடைக்காரருக்கு மூளை வேலை செஞ்சது. அடிக்கடி வேலை செய்யாத மூளை திடீர்னு வேலை செஞ்சா கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். மூணு மாசத்துக்கு முன்னாடி, வெளியூர்ல இருக்குற தம்பிக்கு அனுப்பணும்னு அக்காவோட பிரார்த்தனையைப் போன்ல பதிவு பண்ணி வெச்சிருந்தார். அதைப் போட்டா முடிஞ்சுபோச்சு. நேரா ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார்.

"அக்காவைக் கூட்டிட்டு வாங்க மச்சான். சும்மா உக்காந்தாப் போதும், பேச வேண்டாம். இந்தத் தடவை அக்காவுக்காகவே எல்லாரும் சேந்து பிரார்த்தனை பண்றோம்."

"யாரு சொல்லப்போறது?"

"அக்காவேதான்."

அந்த வியாழக்கிழமை மழைன்னா மழை. மாடி ஒழுகுது. ஒழுகற எடத்துல எல்லாம் பழைய டயரை நகத்தி வெச்சிருந்தாங்க, அதுக்குள்ள தண்ணி சொட்டுது. அக்கா எப்பவும் நிக்குற எடத்துல ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல போன். போனுக்குப் பக்கத்துல, கடை திறப்பு விழாவுக்கு வாங்கின ஸ்பீக்கர். அக்காவுக்குக் கடைசி வரிசையில எடம் போட்டிருந்தாங்க. இத்தனை வருஷத்துல அக்கா அந்த நாற்காலியில ஒரு தடவைகூட உக்காந்ததில்ல. அந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

டயர்க்கடைக்காரர் பட்டனை அமுக்கினார்.

"ஆண்டவனின் கனிவான கவனத்துக்கு"ன்னு அக்கா குரல் கணீர்னு வந்துச்சு. கூட்டத்துல ஒரு பெருமூச்சு. அக்கா, செத்துப்போனவங்க போட்டோவைப் பாக்குற மாதிரி தன் குரலையே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

"முட்டிவலியால் அவதிப்படும் பெரியம்மாவுக்கு வலி நீங்கி, படியேற வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்."

"முட்டி சரியாப் போச்சே"ன்னு பெரியம்மா எந்திரிச்சு போனைப் பாத்துச் சொல்லிச்சு. "இப்போ இடுப்புதான். இடுப்பைச் சொல்லு."

போன் இடுப்பைச் சொல்லல. மறுபடியும் முட்டியையே சொல்லிச்சு.

"டயர்க்கடைக்காரர் மருமகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டும்."

மருமக மடியில கெடந்த கொழந்தை வீல்னு கத்துச்சு. "அப்படியே ஆகட்டும்"னாங்க எல்லாரும், கொஞ்சம் சொணங்கி.

"வெயில் தாங்க முடியவில்லை, மழை பெய்ய வேண்டும்."

இதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. ஒரு டயர் நெறஞ்சு வழிஞ்சது. ஜெராக்ஸ்காரர் மட்டும் வாய் தவறி "அப்படியே ஆகட்டும்"னுட்டார். நாலு பேர் திரும்பி மொறச்சாங்க.

அடுத்தது என்னன்னு அக்காவுக்கு அப்போ ஞாபகம் வந்துடுச்சு. அதுதான் ஒண்ணுகூட மறக்காத ஆளாச்சே. கைய ஆட்டுச்சு. எந்திரிச்சு டயர்க்கடைக்காரரைப் பாத்து, நிறுத்து நிறுத்துன்னு சைகை காட்டுச்சு. அவர் அக்கா பாராட்டுதுன்னு நெனச்சு திரும்பிக் கும்பிட்டார்.

"ஆஸ்பத்திரியில் இருக்கும் தபால்காரர் நலமாகி, நடந்தே வீட்டுக்கு வர வேண்டும்."

தபால்காரர் போயிச் சேந்து ரெண்டு மாசம் ஆச்சு. அவரோட வீட்டம்மா மூணாவது வரிசையில உக்காந்திருக்கு.

டயர்க்கடைக்காரர் போனை எடுத்து அமுக்குறார், கையெல்லாம் ஈரம், போன் கேக்க மாட்டேங்குது. ரெண்டாவது தடவையும் சொல்லிடுச்சு: நடந்தே வீட்டுக்கு வர வேண்டும்.

"அப்படியே ஆகட்டும்"னு அந்த அம்மா சொல்லிச்சு. தனியா. மெதுவா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. அப்புறம் மத்தவங்க.

போன் தன் பாட்டுக்கு இன்னும் நாலு பேரைச் சொல்லி, சிரமத்துக்கு வருந்தி, நன்றி சொல்லிச்சு. அதுக்கப்புறமும் நிக்கல. டயர்க்கடைக்காரர் குரல்ல "டீ போட்டாச்சா? ஏய், டீ போட்டாச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் நின்னுச்சு.

யாரும் எந்திரிக்கல.

"அக்காவுக்கு?"ன்னுச்சு பெரியம்மா.

டயர்க்கடைக்காரர் போனைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தார். "இன்னும் ரெண்டு பதிவு இருக்கு. வீட்டுல கேட்டுப் பாத்தேன். ரெண்டுலயும் அக்காவுக்குன்னு ஒண்ணும் இல்ல."

"தேடிப் பாருய்யா."

"இருந்தாத்தானே! அது என்னிக்குத் தனக்குன்னு சொல்லிச்சு?"

எல்லாரும் திரும்பி அக்காவைப் பாத்தாங்க. அக்கா தன் கட்டைக்கால் நாற்காலியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டிருந்துச்சு. அப்புறம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. மொத நாள் கூட்டம் மாதிரியே. ஒருத்தர் கனைச்சார். சும்மாதான்.

அப்போ நாத்தனா எந்திரிச்சுச்சு. கழுத்துல அளவு டேப் தொங்குது, கடையில இருந்து அப்படியே வந்திருக்கு. ஸ்டூல் கிட்டப் போகல. நின்ன எடத்துல இருந்தே, டயருக்கு மேல எங்கயோ பாத்துப் பேசுச்சு.

"ஆண்டவனே, உங்கிட்ட நான் நேராப் பேசினதில்ல. எதுவா இருந்தாலும் அண்ணிகிட்டச் சொல்லி அனுப்பிடுவேன். இப்போ அண்ணி விஷயமாவே பேச வேண்டியிருக்கு, அதான். அன்னிக்கு ஜாக்கெட் சண்டையில நான் ஒண்ணு சொன்னேன். ஊருக்கே தெரியும், உனக்கும் கேட்டிருக்கும். கோவத்துல சொல்றதையெல்லாமா நீ எடுத்துக்குவ? புது மிஷின் வேணும்னு கேட்டேன், குடுக்கல. என் வீட்டுக்காரர் குடியை நிறுத்துன்னு எத்தனை வருஷமாக் கேட்டேன், அதைக் காதுல போட்டுக்கல. அதையெல்லாம் விட்டுட்டு, போயும் போயும் இதை ஒடனே முடிச்சுக் குடுத்திருக்கியே, நல்லாருக்கா? அதைக் கேன்சல் பண்ணிடு. அவ்வளவுதான். அந்த ஜாக்கெட்டுல எடது கை ஏறித்தான் இருந்துச்சு."

சொல்லிட்டு உக்காந்துச்சு. ஒடனே மறுபடி எந்திரிச்சு, கடைசி வரிசையைத் திரும்பிப் பாத்துக் கேட்டுச்சு: "அண்ணி, ரெண்டாவது தடவையும் சொல்லணுமா?"

அக்கா ரெண்டு வெரலைக் காட்டுச்சு.

"ஆண்டவனே"ன்னு நாத்தனா ரெண்டாவது தடவை ஆரம்பிச்சுச்சு. "அன்னிக்கு ஜாக்கெட் சண்டையில..." அதுக்கு மேல வரல. டேப்பை எடுத்து மூக்கைத் தொடைச்சுச்சு. "கேன்சல் பண்ணிடு. அண்ணி பேசணும். என்னைத் திட்டவாவது பேசணும்."

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க கலாட்டா. பெரியம்மா ஒரு பக்கம் எந்திரிச்சு, "என் இடுப்பு கெடக்கட்டும், அது தொண்டையைப் பாரு"ங்குது. டயர்க்கடைக்காரர் ஆண்டவனுக்கு மேனேஜரைப் பத்தியும் கம்ப்யூட்டர் பொம்பளையைப் பத்தியும் கம்ப்ளைன்ட் குடுக்குறார், தேதி நேரத்தோட. தபால்காரர் வீட்டம்மா, "அவரு போனதுக்கு மொத ஆளா வந்து ராத்திரி பூரா எங்கூட உக்காந்திருந்தது இந்தப் பொண்ணுதான்"னு, யாருகிட்டயோ சாட்சி சொல்ற மாதிரி சொல்லுது. ஜெராக்ஸ்காரர் எந்திரிச்சார். அவர் பேசி யாரும் கேட்டதில்ல. "நகவெட்டி எங்க இருக்குன்னு தெரியலப்பா"ன்னார். உக்காந்துட்டார். யாரு மொதல்ல, யாரு அப்புறம்னு ஒண்ணும் கெடையாது. மைக் கெட்டுப்போன பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒரே இரைச்சல்.

அக்கா கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து பாத்திருக்கு. வண்டி லேட்டுன்னா, ஜனம் வந்து ஒண்ணாக் கூடி நிக்கும். நிக்குறவனுக்குப் பக்கத்துல நிக்குறவன் யாருன்னே தெரியாது. ஆனா எல்லாக் கழுத்தும் வண்டி வர்ற பக்கமாத்தான் திரும்பியிருக்கும். என்னடா இது, பாத்துக்கிட்டே நின்னா சீக்கிரம் வந்துடுமான்னு அக்கா உள்ள உக்காந்து சிரிச்சிருக்கு. இப்போ அக்காவும் வெளிய. அக்கா கழுத்தும் அந்தப் பக்கம்.

முடிச்சு வெக்க ஆள் இல்லாததால கூட்டம் அது பாட்டுக்குப் போச்சு. கடைசியில அக்காவே டீக்கு வெச்சிருந்த டம்ளர் ரெண்டை எடுத்து ஒண்ணோட ஒண்ணு டங்குன்னு தட்டுச்சு. எல்லாரும் "அப்படியே ஆகட்டும்"னாங்க. அக்கா வாயும் அசைஞ்சுச்சு. சத்தம் இல்ல, டாக்டர் சொன்னதை மீறல. ஆனா அந்த வார்த்தையை அக்கா இத்தனை வருஷத்துல சொன்னதே இல்ல. சொல்றவங்க அதைச் சொல்ல மாட்டாங்க, கேக்குறவங்கதானே சொல்லணும்.

மாசம் முடிஞ்சு டாக்டர்கிட்டப் போறப்ப நாத்தனாவும் கூட வந்துச்சு. உள்ள விடல, கதவுக்கு வெளிய நின்னுச்சு. டாக்டர் கம்பியை விட்டுப் பாத்துட்டு, "ஆ சொல்லுங்க"ன்னார். அக்கா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிச்சு.

சத்தம் வந்துச்சு. ஆனா அக்கா சத்தம் இல்ல. மேட்டுல ஏற மாட்டாம லாரி ஒண்ணு கியர் மாத்துற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் சந்தோஷமா, "வந்துடுச்சு பாருங்க"ன்னார். "இனி இப்படித்தானா?"ன்னார் ஜெராக்ஸ்காரர். "ஏறக்கொறைய இப்படித்தான்."

கதவைத் தள்ளிக்கிட்டு நாத்தனா உள்ள வந்துடுச்சு. தலையில கைய வெச்சுக்கிட்டு, "ஐயோ அண்ணி, கேன்சல் பண்ணுன்னுதானே சொன்னேன், பழசையே குடுன்னு சொல்ல மறந்துட்டேனே!"ன்னுச்சு.

அக்கா அதை மேலயும் கீழயும் பாத்துச்சு. ஒரு மாசம் கழிச்சு பேசின மொதப் பேச்சு:

"அடுத்த வியாழக்கிழமை தெளிவாச் சொல்லு."

நாற்காலி அக்காவுக்கே கெடைச்சுடுச்சு. முதல் நாள் அக்கா மைக்ல பேசினப்ப டீ குடிச்சுக்கிட்டிருந்த டிரைவருங்க எல்லாம் டம்ளரைப் போட்டுட்டு வண்டிக்கு ஓடினாங்க, யாரோ புது அதிகாரி வந்திருக்கார்னு. வண்டியெல்லாம் நேரத்துக்குக் கெளம்புதுன்னு மேனேஜர் கம்ப்யூட்டர் பொம்பளையைத் துணி போட்டு மூடி வெச்சுட்டார்.

வியாழக்கிழமை மாடியில அக்கா வாசல்ல நிக்கல. நேராப் போயி கடைசி வரிசையில உக்காந்துக்கிச்சு. அவங்கவங்க அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி கத்தினாங்க. நாத்தனா முறை வந்தப்ப, டேப்பைக் கையில புடிச்சுக்கிட்டு, தெளிவாத்தான் சொல்லிச்சு.

"ஆண்டவனே, குரல் குடுத்த, சந்தோஷம். ஆனா கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. அடியில தொங்குது. ரெண்டு பக்கமும் லேசாப் புடிச்சுக் குடுத்தியானா அண்ணிக்குச் சரியா இருக்கும். அவசரம் இல்ல, மெதுவாக் குடு, நானே யாருக்கும் சொன்ன நாள்ல குடுத்ததில்ல."

"அப்படியே ஆகட்டும்"னாங்க எல்லாரும்.

அவங்க சொல்லி முடிச்சதுக்கு அப்புறம், கடைசி வரிசையில இருந்து, லாரி கியர் மாத்துற மாதிரி இன்னொரு "அப்படியே ஆகட்டும்" வந்துச்சு. அக்காவுக்கு இன்னும் பழக்கம் வரல, ஒரு மூச்சு பின்னாடிதான் சொல்லும். அதுவும் ஒரு தடவைதான்.